மருந்து நின்றால் மறியற் கதவு திறக்கும்

களவு, அடிதடி, போதைப்பொருள் என்று ஓர் இளைஞன் பொலிசில் பிடிபட்டால், "வளர்ப்புச் சரியில்லை", "கூட்டாளிமார் கெடுத்துப்போட்டார்கள்" என்று ஊர் சொல்லும். அவன் முன்னர் ஏதும் உளநோய்க்கு மருந்து எடுத்தானா, அந்த மருந்து எப்போது நின்றது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஐக்கிய அமெரிக்காவில் இந்தக் கேள்வி கணக்கெடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கிடைத்த விடை நாமும் அறியவேண்டியது.

வறியவர்க்கான காப்புறுதி

எமது நாட்டைப் போல எல்லோருக்கும் இலவசமான அரசாங்க வைத்தியசாலை முறை அமெரிக்காவில் இல்லை. வைத்தியரிடம் போகக் காப்புறுதி வேண்டும். இல்லாதவர் கைக்காசு கொடுக்கவேண்டும். வறியவர்களுக்கென 1965 ஆம் ஆண்டில், லிண்டன் ஜோன்சன் ஜனாதிபதியாக இருந்தபோது, 'மெடிக்கெய்ட்' என்னும் அரசாங்கக் காப்புறுதி தொடங்கப்பட்டது. அதன் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

தென் கரோலினா மாநிலத்தில் பிள்ளைகளுக்கான இந்த உரிமை 19 ஆவது பிறந்தநாளுடன் முடிகிறது. அதன்பின், பிள்ளைகுட்டி இல்லாத, அங்கவீனர் எனப் பதியப்படாத ஓர் இளைஞன் எவ்வளவு வறியவனாயினும் காப்புறுதி பெறுவது அரிது. நேற்றுவரை காப்புறுதியில் மருந்து பெற்றவன் இன்று காசு கொடுத்து வாங்கவேண்டும். ஆனால் நோய்க்குப் பிறந்தநாள் தெரியாது.

கணக்குச் சொன்னது

பொருளியலாளர் எலிசா ஹாக்கொமே அம்மாநிலத்தின் காப்புறுதிப் பதிவுகளையும் குற்றப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்தார். வறுமையில் வளர்ந்த இளைஞர்களை இரு கூட்டமாக ஒப்பிட்டார். ஒரு கூட்டத்தினர் 19 வயதில் காப்புறுதியை இழந்தவர்கள். மற்றவர்கள் முன்னரே அதில் இல்லாதவர்கள். ஆகவே அந்த வயதில் அவர்கள் இழக்க எதுவும் இருக்கவில்லை.

அடுத்த 2 ஆண்டுகளில், காப்புறுதியை இழந்தவர்கள் சிறை செல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 வீதம் கூடியிருந்தது. இந்தக் கூடுதல் முக்கியமாக, முன்னர் உளநலச் சிகிச்சை பெற்றிருந்தவர்களிடமே காணப்பட்டது.

இதைப் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. உளநோயாளர் குற்றவாளிகள் அல்லர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை; மற்றவர்களால் துன்பப்படுத்தப்படுவோரே அதிகம். ஆனால் மருந்து சடுதியாக நின்றால் சிலருக்குத் தூக்கம் கெடும், கோபமும் பயமும் மீறும், வேலை பறிபோகும், வேதனையை மறக்கக் குடியையோ போதையையோ நாடுவார்கள். அங்கிருந்து வழக்குக்கும் மறியலுக்கும் தூரம் அதிகமில்லை.

செலவு யாருடையது?

சிறைக்குள் இருப்பவரின் அன்றாடச் சிகிச்சைக்கு மெடிக்கெய்ட் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. அச்செலவு சிறையை நடத்தும் அரசின் தலையில் விழுகிறது. பொலிஸ், நீதிமன்றச் செலவும், களவு கொடுத்தவர், அடிபட்டவர் ஆகியோரின் இழப்பும் வேறு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, குற்றத்தைக் குறைப்பதற்குத் தண்டனையைக் கூட்டுவதைவிட வறிய இளைஞருக்குக் காப்புறுதி கொடுப்பதே இலாபமான வழி என்று அந்த ஆய்வு முடிவுசெய்தது. குளக்கட்டில் நண்டுத்துளையைக் கண்டவுடன் அடைப்பதா, கட்டு உடைத்தபின் மண் சுமப்பதா என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வறிய வளர்ந்தோருக்கும் மெடிக்கெய்டை விரிவாக்க வழிசெய்தது. 2014 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2012 இல் உயர் நீதிமன்றம் அதனை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றன. தென் கரோலினா ஏற்காதவற்றுள் ஒன்று.

எமக்குள்ள பாடம்

எமது அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் காப்புறுதி தேவையில்லை. ஆயினும் இங்கும் மருந்து நிற்கிறது. இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைகிறது. புதிய இடத்தில் கிளினிக் எங்கே என்று தெரிவதில்லை. பஸ் காசு இல்லை. "விசர் என்று சொல்லுவார்கள்" என்ற வெட்கம் வேறு.

ஆகவே, கிளினிக் கொப்பியை அடையாள அட்டையுடன் சேர்த்து வையுங்கள். எங்கே குடியேறினாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் நாளை விசாரியுங்கள். சுகமாயிற்று என்று எண்ணி வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய உளநல நிறுவகத்தின் ஆலோசனை கிடைக்கும்.

பிள்ளை மறியலுக்குப் போனபின் சட்டத்தரணியைத் தேடி அலைவதிலும், மாதம் ஒருமுறை அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது இலகு.