எது நல்லுணவு?

‘ஆரோக்கிய உணவு’ என்னுந் தொடர் இன்று கடைப்பொதிகளிலும் விளம்பரங்களிலும் மலிந்து காணப்படுகின்றது. ஆரோக்கியம் என்னும் வடசொல்லுக்கு நோயின்மை என்பது பொருள். நோயின்மை உண்பவரது நிலையேயன்றி, உணவின் குணமன்று. ஆதலின் ஓருணவை நல்லது என்போர், யாருக்கு, எவ்வளவு, எதனோடு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறுதல் வேண்டும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் அளவையும் செரிமானத்தையுமே வற்புறுத்துகின்றது.

அரிசியை எடுத்துக்கொள்வோம். 1890களில் யாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியையே உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நோயுற்றதையும், தீட்டாத அரிசியால் நலம்பெற்றதையும் கண்டார். தவிட்டோடு நீங்கிய தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே காரணமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வெண்மை நலத்திற்கு அடையாளமன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் ஊவா மலைத் தோட்டங்களை நோக்குவோம். லயங்களிற் கோதுமை மா ரொட்டியும் தேநீரும் அன்றாட உணவாகும். ரொட்டி உழைப்புக்குச் சக்தி தருவது. அதனைப் பழித்தல் தகாது. எனினும் 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்க, வெள்ளைக் கோதுமை மாவில் ஏறத்தாழ 20 மில்லிகிராமே உண்டு. தேநீரும் தன்னளவில் தீதன்று. ஆயின் உணவோடு பருகும்போது, கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அது குறைக்கின்றது. கொழுந்து பறிக்குந் தாய்மாரிடையே இரத்தச்சோகை மிகுந்துள்ளமையால் இது சிறு செய்தியன்று. உண்டு ஒரு மணி நேரங் கழித்துத் தேநீர் பருகுதலும், உணவோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்த்தலும் நலம்.

1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா, கருவுற்ற தாய்க்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உரியது. வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்டால், உரியவர்க்கு வேண்டிய அளவு கிட்டாது. யாருக்கு என்னும் வினாவின் சிறப்பு இங்கே விளங்கும்.

நான்காவது வினாவொன்றும் உண்டு: கிடைக்குமா? ‘கீரை உண்க’ என்றல் எளிது. விடியுமுன் எழுந்து மலையேறுந் தாய்க்கு அதனை நடச் சிறிது நிலமும், வாங்கப் போதிய கூலியும், சமைக்க நேரமும் வேண்டுமன்றோ? ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் விளங்கும் நம் பழைய மாணவர்கள், அறிவுரை கூறுமுன் இவ்வினாவையும் உளங்கொள்வாராக.