மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களும் இரண்டு கிருமிகளும்

ரயில் விபத்து நடந்தால் முதல் பழி டிரைவர் மேல்தான் விழும். விசாரணையில் இறங்கிய பிறகுதான் பாயிண்ட், சிக்னல், தண்டவாளம் என்று வேறு காரணங்கள் தெரியவரும். ரயில்வேயில் கற்ற இந்தப் பாடம் நோய்களுக்கும் பொருந்துகிறது. ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. என்றதும் அவள் நடத்தையைச் சந்தேகிப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

1979 முதல் 1982 வரை நைஜீரிய ரயில்வேயை நம் ரைட்ஸ் நிறுவனம் நிர்வகித்தது. அங்கு போய் வந்த சீனியர்கள் சொல்லக் கேட்டு, அந்தப் பக்கத்து நாடுகளைப் பற்றி ஆர்வமுடன் படிக்கத் தொடங்கினேன்.

நைஜீரியாவில் 2018இல் எடுத்த கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் நூற்றுக்கு 1.9 பேர், ஆண்கள் 0.9 பேர். ஏன் இந்த வித்தியாசம்? உடலுறவில் ஆணிடமிருந்து பெண்ணுக்குக் கிருமி எளிதாகத் தொற்றும். அதோடு, வயதில் மூத்த கணவருக்கு வேறு தொடர்புகள் இருந்திருக்கலாம். ஆணுறை வேண்டும் என்று கேட்கும் துணிவு பல மனைவியருக்கு இல்லை. தாலி கட்டியவனே என்று நம் ஊரில் சொல்வதுபோல, நம்பியிருந்த கணவன் வழியாகவே நோய் வந்துவிடுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி.-2 என்ற இன்னொரு வகையும் உண்டு. இது மெதுவாகத்தான் பரவும். கினி-பிஸ்ஸாவ் நாட்டு முதியோரிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் சடங்குக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தினால் வேறென்ன நடக்கும்?

ஹெபடைடிஸ் சி கல்லீரலைக் கெடுப்பது. இதன் முக்கிய வழி ரத்தம். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பரிசோதிக்காத ரத்தம், உடலில் கீறல் போடும் கத்தி ஆகியவை இதைப் பரப்பும். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றியாக வேண்டும். இக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான். அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் இதைச் சோதிக்க வழியே இல்லை. உயிர் காத்த சிகிச்சையே நோயையும் தந்திருக்கலாம்.

சிகிச்சை இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்று ஏற்படலாம். தாய்ப்பால் வழியாகவும் பரவும். மருந்து உட்கொண்டால் இது ஐந்துக்கும் கீழே இறங்கும். ஹெபடைடிஸ் சி தாய்ப்பாலால் பரவுவதில்லை. அதை 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி.க்குத் தினசரி மாத்திரை வேண்டும். ஆனால் நீண்ட நாள் நலமாக வாழலாம். இரண்டுக்கும் தடுப்பூசி இல்லை.

ஆகவே அன்பர்களே, நோயுற்ற பெண்ணைக் கேள்வி கேட்பதற்கு முன், அவளுக்குப் போட்ட ஊசியையும் ஏற்றிய ரத்தத்தையும் விசாரிப்போம். கணவரும் மனைவியுமாகச் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்வதே முறை. வெட்கத்தால் பரிசோதனை தள்ளிப்போனால், நல்ல மருந்து இருந்தும் பயனில்லை.