தூக்கமும் ஒரு முதல்தான்!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் காய்கறிக் கடையும் மளிகைக் கடையும் நடத்தும் நம் வணிகப் பெருமக்களின் ஒரு நாளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதிகாலை 2 மணிக்கு எழுந்து கோயம்பேடு பயணம். சரக்கோடு திரும்பி 6 மணிக்குக் கடை திறப்பு. இரவு 10 மணிக்கு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணிப் படுக்கும்போது 11 ஆகிவிடுகிறது. இரவில் கிடைப்பது 3 மணி நேரத் தூக்கமே! இதை எத்தனை ஆண்டு உடம்பு தாங்கும்?

நம் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகல் இரவு தெரியாத தனி அறையில் ஆட்களைத் தங்கவைத்து இதை ஆராய்ந்தனர். வெளியே மணி என்னவென்று தெரியாமலேயே அவர்களது தூக்கமும் விழிப்பும் ஒரு சுற்றில் நடந்தன. இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் உடல் சுறுசுறுப்படைகிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு பெருகி உறக்கத்துக்குத் தயார் செய்கிறது. நாமோ இரவு 10 மணி வரை பளீரென்ற வெள்ளை விளக்குகளின் கீழ் நிற்கிறோம். பிறகு படுக்கையில் செல்போனைப் பார்க்கிறோம். மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. களைத்துப் படுத்தும் தூக்கம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்ந்து தூக்கம் கெட்டால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. உடனடி ஆபத்தும் உண்டு. அதிகாலை 3 முதல் 5 மணி வரை உடல் மிகவும் சோர்ந்திருக்கும். அந்நேரத்தில் வண்டி ஓட்டுகையில் கண் சொருகினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தொழிலை விட முடியாது. ஆனால், முறையை மாற்றலாம்.

பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில், முறை வைத்துக் கொள்முதலுக்குச் செல்லலாம். மற்ற இருவருக்கும் அன்று முழு இரவுத் தூக்கம், வாடகையும் மிச்சம். மதியம் கடையடைக்கும் நேரத்தில் வீட்டில் இருட்டான அறையில் படுங்கள். காலையில் 20 நிமிடமாவது கடை வாசலில் வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவு 9 மணிக்கு மேல் தேவையற்ற விளக்குகளை அணையுங்கள். மின் கட்டணமும் குறையும். மாலைக்குப் பின் டீ வேண்டாம். வழியில் கண் அசந்தால் வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்குங்கள்.

நம்மிடம் வேலை செய்வோரையும் மறக்கலாகாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள கடைகள் 24 மணி நேரமும் இயங்க 2019-ல் தமிழக அரசு அனுமதித்தபோதே, நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, வார விடுமுறை என்ற நிபந்தனைகளையும் விதித்தது. கடை விழித்திருக்கலாம்; அதே ஆள் விழித்திருக்கக் கூடாது.

கடையில் போட்ட முதலைக் கணக்குப் பார்த்துக் காக்கிறோம். உடம்பும் முதல்தான். அது கரைந்தால் எந்த வங்கியும் கடன் தராது!