சீரியல் விளக்கும் வீட்டு விளக்கும்

சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலை எட்டியது. 1905-இல் பெங்களூருக்கும் வந்தது. இன்று ஆடுகோடியில் திருவிழா என்றால் தெருவெங்கும் சீரியல் விளக்குகள்தான். அதில் ஒரு பல்பு பழுதானால் சரமே அணைந்துவிடும். வீட்டிலோ ஒரு பல்பு போனாலும் மற்றவை எரிகின்றன. இது ஏன்?

சீரியல் சரம் தொடர் இணைப்பு. பூமாலைக்கு ஒரே நார் போல, இதில் மின்சாரத்துக்கு ஒரே பாதை. 6 வோல்ட் பல்புகள் சுமார் 40 சேர்ந்து 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பல்பில் இழை அறுந்தால் பாதையே அறுந்துவிடும்.

வீட்டு வயரிங் பக்க இணைப்பு. ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதை, முழு 230 வோல்ட். ஆனால் கருவிகள் கூடக்கூட மெயின் வயரில் ஓடும் மின்னோட்டமும் கூடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்குச் சற்று மேலும், 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியரும் இழுக்கும். இரண்டையும் ஒரே பிளக்கில் மாட்டினால் வயர் சூடாகும். இதைத் தடுக்கும் ஃபியூஸ் தொடர் இணைப்பில் இருக்கிறது. அது அறுந்தால் எல்லாம் நிற்க வேண்டுமல்லவா?

"6 வோல்ட் பல்புதானே" என்று எண்ணி, பிளக்கில் மாட்டியிருக்கும் சரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. சரம் அணைந்திருந்தாலும் அறுந்த இடத்தில் முழு 230 வோல்ட்டும் நிற்கிறது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பழுதான பல்பைத் தேடுங்கள். பந்தலில் விளையாடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.