குழந்தையின் எடையும் ஏழை வீட்டின் அடுப்பும்



குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் பெற்றவள் மனம் குளிர்கிறது. பசியை அறிந்த வீடுகளில் இந்த மகிழ்ச்சி இன்னும் பெரிது. ஆனால், உடல் பருமன் செல்வந்தர் வீட்டு நோய் என்று எண்ணிய காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையுள்ள 39 கோடிக்கும் அதிகமான பிள்ளைகள் மிகை எடையுடன் இருந்தனர். அவர்களுள் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்னும் நிலையை எட்டியிருந்தனர். வளம் மிகுந்த பல நாடுகளில் இக்குறை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையே அதிகமாகப் பீடிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு ஆகியவை சிறு வயதிலேயே வருவதற்கு இது வழி திறந்து விடுகிறது.

ஏழை வீட்டில் ஏன்?

பழமும் காய்கறியும் மீனும் விலை ஏறிய பொருட்கள். மாவும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த தின்பண்டங்களோ மலிவானவை, கெடாதவை, வயிற்றை உடனே நிரப்புபவை. ஒரு சிறு டப்பா கோலா பானத்தில், அதாவது 330 மில்லி லிட்டரில், சுமார் 35 கிராம் சர்க்கரை உண்டு. ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி! விளையாட முற்றம் இல்லாத குடியிருப்பு, இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோர், நேரம் தவறிய உறக்கம் ஆகியவையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை சைக்கிள் கேட்கிறது. 'இல்லை' என்கிறாள் தாய். புத்தாடை கேட்கிறது, அதற்கும் 'இல்லை'. ஒரு மிட்டாய் கேட்கும்போது மட்டுமே அவளால் 'சரி' என்று சொல்ல முடிகிறது. அந்த ஒரு 'சரி'யையும் பறித்துக்கொண்டு, 'உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்று அவளைப் பழிப்பது நீதியாகுமா? சிந்தித்துப் பாருங்கள்!

சிகிச்சைத் திட்டங்களின் முறை

பெரியவர்களைப் போலப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பது இத்திட்டங்களின் நோக்கமன்று. வளரும் பிள்ளைக்கு உயரம் கூடிக்கொண்டே இருக்கிறது. எடை மேலும் ஏறாமல் நிறுத்தி வைத்தாலே, பல பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் நாளடைவில் பொருந்தி விடுகின்றன. ஆகவே மருத்துவர் தராசின் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை; வயது, பால், உயரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே எடையை மதிப்பிடுகிறார்.

இரண்டாவதாக, பிள்ளையை மட்டும் திருத்த முயல்வது பயன் தருவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் லியோனர்ட் எப்ஸ்டீன் குழுவினர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்களிலேயே பலன் நீடித்தது. தந்தை கோலா அருந்திக்கொண்டே மகனைத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் அச்சொல் எடுபடுமா?

மூன்றாவது, நேரம். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை, ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேர ஆலோசனையும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஏழைக் குடும்பங்கள் இடறி விழும் இடம் இதுதான். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிட்டால் கூலி இல்லை. மருத்துவமனை செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிடுகிறவர்களை 'அக்கறையற்றவர்கள்' என்று எழுதி வைப்பது எளிது. அவர்கள் வரக்கூடிய இடத்திலும் நேரத்திலும் திட்டத்தை அமைப்பதுதான் கடினம்.

ஆம்ஸ்டர்டாம் நகரின் முயற்சி

அக்கடினமான வழியை நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் தேர்ந்தெடுத்தது. 2012ஆம் ஆண்டில் அங்கு ஐந்து பிள்ளைகளுள் ஒருவர் மிகை எடையுடன் இருந்தார். துருக்கி, மொராக்கோ நாடுகளிலிருந்து குடியேறிய நம் சகோதர முஸ்லிம்களின் பிள்ளைகளிடம் இக்குறை கூடுதலாகக் காணப்பட்டது. அப்போது நகராட்சி உறுப்பினராகப் பொறுப்பு வகித்த எரிக் வான் டெர் பர்க் இத்திட்டத்தை முன்னெடுத்தார். 2033ஆம் ஆண்டுக்குள் நகரின் எல்லாப் பிள்ளைகளும் ஆரோக்கியமான எடையுடன் இருக்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது.

பள்ளிகளில் இனிப்புப் பானங்களுக்குப் பதிலாகத் தண்ணீரும் பாலும் வந்தன. துரித உணவு நிறுவனங்கள் பணம் தரும் விளையாட்டு விழாக்களுக்கு நகராட்சி கைகொடுக்க மறுத்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு விளையாட்டு மையக் கட்டணத்தில் சலுகை அளித்தது. உணவு, உடலுழைப்பு ஆகியவற்றோடு உறக்கமும் கவனிக்கப்பட்டது. எடை மிக அதிகமான பிள்ளைகளின் குடும்பங்களோடு செவிலியர் நேரடியாகப் பேசினர். வீட்டில் கடன் தொல்லை இருந்தால், குடியிருப்பில் நெருக்கடி இருந்தால், முதலில் அதற்கு வழி தேடினர். கடன்காரன் கதவைத் தட்டும் வீட்டில் காய்கறியைப் பற்றிப் பேசிப் பயனில்லை அல்லவா?

2012இல் 21 விழுக்காடாக இருந்த மிகை எடை 2015இல் 18.5 விழுக்காடாகக் குறைந்தது. ஏழைப் பகுதிகளிலும் இச்சரிவு தெரிந்தது. இது முழுவதும் இத்திட்டத்தால் மட்டுமே விளைந்தது என்று உறுதியிட்டுக் கூற இயலாது. எனினும், தாயைக் குற்றவாளியாக்காமல் அவளது சுமையில் பங்கேற்ற முறை நாம் படிப்பினை பெறத் தக்கதாகும்.

நம் இல்லங்களில்

பெரும் செலவு இன்றியே தொடங்கலாம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பருமனான பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைக்காமல், எல்லோருக்கும் ஒரே உணவைப் பரிமாறுங்கள். வயிறு நிறைந்தது என்று பிள்ளை சொன்னால், 'இன்னும் ஒரு பிடி' என்று வற்புறுத்தாதீர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும், 9 முதல் 11 மணி நேர உறக்கமும் தேவை. பிள்ளைக்கு 'சரி' என்று சொல்ல இன்னொரு வழி தேடுங்கள்: மாலையில் அதன் கைபிடித்து நடந்து வாருங்கள், அதற்குக் காசு தேவையில்லை.

விருந்திலும் உறவினர் நடுவிலும் 'குண்டு' என்று கேலி செய்யாதீர்கள். அவமானப்பட்ட பிள்ளை மறைந்திருந்து உண்ணக் கற்றுக்கொள்ளும். எடை குறித்து ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அண்டை வீட்டார் வேலைக்குப் போகும் நாளில், அவர்களுடைய பிள்ளையையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் உடலையும் மனதையும் ஒருசேரக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.