சாவி கூரியரில் வராது

ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கிவிடும். நம் ஊர் மாணவர்களில் பலருக்கு விசா கையில் கிடைப்பதே ஆகஸ்ட், செப்டம்பரில்தான். அதற்குள் மாணவர் விடுதிகளின் காத்திருப்புப் பட்டியல் நீண்டுவிடுகிறது. மியூனிக்கில் ஓர் அறை கிடைப்பதே பெரும்பாடு. இந்த அவசரத்தை நம்பித்தான் வாடகை மோசடி நடக்கிறது.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். நகரின் நடுவே அழகான வீடு, வாடகையோ படு மலிவு. உரிமையாளர் வேலை மாறி வெளிநாட்டில் இருப்பதால் வீட்டைக் காட்ட ஆளில்லை. முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வந்துவிடுமாம்; பிடிக்காவிட்டால் பணம் வாபஸாம். நம்பவைப்பதற்காகத் தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பிவைப்பார். அது முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கக்கூடும். பதிலுக்கு நீங்கள் அனுப்பும் நகலைக் காட்டி அடுத்தவரை ஏமாற்றுவார்கள். பணம் போனதோடு தொல்லை முடிவதில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

சட்டம் இங்கே மாணவர் பக்கம்தான் நிற்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 551ஆம் பிரிவுப்படி, முன்பணம் 3 மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. தண்ணீர், வெப்பமூட்டும் செலவெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. அந்த முன்பணத்தையும் 3 சம மாதத் தவணைகளாகக் கட்டலாம். முதல் தவணை கட்ட வேண்டியதே வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். கோயம்புத்தூரில் இருப்பவரிடம் மொத்தத்தையும் இன்றே கேட்பவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை கிடையாது. நேர்மையான உரிமையாளர்களும் சில சமயம் முன்கூட்டியே கேட்பதுண்டு. இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள். பதில் வருகிற தொனியிலேயே ஆள் யாரென்று பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, நேரலை வீடியோ அழைப்பில் வாசல்வரை நடந்து வரச் சொல்லுங்கள். அங்கே அடுக்ககங்களின் அழைப்பு மணியருகே குடியிருப்போரின் குடும்பப் பெயர் எழுதியிருக்கும்; அவர் சொன்ன பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் ஐபேன் எண் 'டிஇ' என்ற எழுத்துகளில் தொடங்காவிட்டால், கணக்கு ஜெர்மனியில் இல்லை. குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட உறுதிச் சான்று தேவை. தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். மழுப்பினால், வீடு உண்மையாகவே இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது.

அங்கே படிக்கும் சீனியர் யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இத்தனை சோதனையும் வேண்டாம். அதற்கும் வழியில்லையென்றால், முதல் மாதம் தற்காலிக அறையில் தங்கி அங்கிருந்தே தேடுவது மேல். செலவு கூடும்தான், ஆனாலும் பார்க்காத வீட்டுக்கு 3 மாத வாடகையைக் கட்டுவதைவிட அதுவே பாதுகாப்பு.

பணம் போய்விட்டதென்றால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு 1930 என்ற இந்திய சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். ஜெர்மன் மாநிலக் காவல்துறைகளிடமும் இணையவழியில் புகார் தரலாம். பாஸ்போர்ட் நகல் அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் தவறாமல் எழுதுங்கள்.