திரையில் 16, வாளியில் 11

நாங்கள் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து பழைய மோட்டார்ப் படகு ஒன்றை வாங்கி, லிலேபெல்ட் கரையில் கட்டியிருக்கிறோம். போன வருடம் வைகாசியில் நல்ல வெயில். திரையில் கடல்நீர் 16 பாகை என்று காட்ட, பிள்ளைகள் குதிக்க ஆயத்தமானார்கள். கையை விட்டுப் பார்த்த அண்ணர் ஒருவர் மறித்தார். வாளியில் நீரை அள்ளிக் கண்ணாடி வெப்பமானியை வைத்தோம். 11 பாகை. யாழ்ப்பாணக் கடலில் நீந்திய எங்களுக்கு இந்த ஐந்து பாகை அற்பமாகத் தெரியலாம். ஆனால் அப்படியான குளிர்நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாகவே உள்ளே இழுபடும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம்.

எங்கள் படகில் வேகத்தையும் வெப்பத்தையும் அளப்பது அடிப்பகுதியில் பொருத்திய ஒரே உணரிதான். அதிலுள்ள சிறு துடுப்புச் சில்லை ஓடும் நீர் சுழற்றும்; சுற்றுகளை எண்ணி வேகம் கணிக்கப்படும். பாசி பிடித்தால் சில்லு மெதுவாகும், வேகமும் குறைத்துக் காட்டும். ஆகவே முதல் வேலை துப்புரவு. படகு நீரில் நிற்கும்போது உணரியைக் கழற்றினால் கடல் உள்ளே பாயும். அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டே கழற்றுங்கள்.

பிறகுதான் கணக்கு. ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர் தூரத்தை, இயந்திர வேகத்தை மாற்றாமல் போயும் வந்தும் ஓட வேண்டும். நீரோட்டத்தோடு போக 10 நிமிடம், எதிர்த்து வர 15 நிமிடம் என்று வைப்போம். இரண்டு மைலை 25 நிமிடத்தால் பிரித்தால் மணிக்கு 4.8 மைல் வரும். இது பிழை. கணக்கு எழுதியே சீவித்த எங்களில் சிலரும் இதில்தான் வழுக்கினோம். எதிர்த்து வரும்போது கூடிய நேரம் செல்வதால் அந்தப் பக்கம் நிறை கூடிவிடுகிறது. போன வேகம் 6, வந்த வேகம் 4, சராசரி 5. அதுதான் நீருக்குச் சார்பான வேகம். திரை 4.5 காட்டியிருந்தால் திருத்தக் காரணி 1.11.

ஜி.பி.எஸ் இருக்க இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஜி.பி.எஸ் தரைக்குச் சார்பான வேகத்தைச் சொல்லும், சில்லு நீருக்குச் சார்பானதைச் சொல்லும். காசேட்டையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைப்பது போலத்தான். நேர் ஓட்டத்திலோ எதிர் ஓட்டத்திலோ போகும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீரோட்டம். போல்ட்டிக் கடலுக்கும் வடகடலுக்கும் இடையே நீர் மாறும் ஒடுங்கிய வழிகளில் ஒன்று லிலேபெல்ட். இங்கே அந்த வித்தியாசம் சிறியதல்ல.

வெப்பத்துக்கு ஒரு ஒப்பீட்டுப் புள்ளி வேண்டும். இந்த நாட்டு வானியலாளர் ஓலே ரோமர் 300 வருடங்களுக்கு முன்னரே நிலையான புள்ளிகளைக் கொண்டு வெப்பமானிகளை அளவிட்டவர். 1708இல் கொப்பன்ஹேகனில் அவரைச் சந்தித்துக் கற்றவர்தான் பரனைட். நாங்களும் நன்னீர்ப் பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் நீர் விட்டு, முதலில் கண்ணாடி வெப்பமானியைச் சோதித்தோம். பூச்சியம் காட்டியது. உப்பு நீர் இதற்கு உதவாது, அது பூச்சியத்துக்குக் கீழேதான் உறையும். பிறகு வெயில் ஏறமுன், கொஞ்ச நேரம் படகை ஓட்டிவிட்டு வாளி நீரோடு ஒப்பிட்டோம். அப்போதும் திரை நான்கு பாகை கூடக் காட்டியது. திருத்தம் −4 என்று பதிந்து, திகதியோடு படகுக் கொப்பியிலும் எழுதினோம்.

ஒவ்வொரு வசந்தத்திலும் படகை இறக்கியதும் இரண்டையும் திரும்பச் செய்கிறோம். வாளி படகிலேயே கிடக்கிறது.